கேட் மோட்டார் பேட்டரியை ஸ்கிராப் யார்டில் போடும் முன் தூக்கிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் என்று எந்தப் பக்கம் போனாலும் கேட் மோட்டாருக்குள்ளும் அலாரம் பெட்டிக்குள்ளும் செங்கல் போல ஒரு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி உட்கார்ந்திருக்கும். முன்பெல்லாம் அது லெட்-ஆசிட்தான், அதாவது ஈயமும் அமிலமும் கொண்டது. லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டில் அடிக்கடி அடிமட்டம் வரை இறங்கி அவை சீக்கிரமே செத்துப்போக, அதே அளவு உறையில் லித்தியம் வந்து உட்கார்ந்துகொண்டது. வில்லங்கம் அங்கேதான். லெட்-ஆசிட்டுக்கு ஸ்கிராப் யார்டில் காசு கிடைக்கும் என்பதால் இரண்டும் ஒரே குவியலில் போய்விடுகின்றன. ஈயம் பிரிக்கும் ஆலையில் பேட்டரியை முதலில் நொறுக்குவார்கள். லித்தியம் செல் நொறுங்கினால் உள்ளேயே ஷார்ட் ஆகி, சூடேறி, எரியக்கூடிய வாயுவைக் கக்கும். அதற்குப் பிறகு ஒரு பொறி போதும்.

தூக்கினாலே வித்தியாசம் தெரியும். லெட்-ஆசிட் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். லித்தியம் ஏறக்குறைய ஒரு கிலோதான். லேபிளில் 12.8 வோல்ட் என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம்: 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் நான்கு. போன் பேட்டரியைவிட இந்த வகை நிதானமானதுதான்; அதற்காக அலட்சியம் கூடாது.

மீட்டர் வைத்துப் பூஜ்யம் காட்டினாலும் நம்பாதீர்கள். செல்கள் மிகவும் இறங்கினால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு வெளி முனைகளைத் துண்டித்துவிடும். செல்களில் மின்சாரம் மிச்சம் இருக்கும். ஆகவே இரண்டு முனைகளிலும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொரு பேட்டரியையும் தனி பிளாஸ்டிக் பையில் போட்டு, ஆடாதபடி அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். சாவி, ஸ்பேனர், ஆணி எதுவும் அதே பெட்டியில் வேண்டாம். டிசம்பர் வெயிலில் பூட்டிய காரில் விட்டுவிட்டு ஷாப்பிங் போகவும் வேண்டாம்.

உப்பியிருந்தாலோ, விழுந்து நசுங்கியிருந்தாலோ, நெயில் பாலிஷ் போன்ற வாடை வந்தாலோ கதை வேறு. சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள். காய்ந்த மணல் போட்ட வாளியில், மூடாமல், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, மழை படாத இடத்தில் வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைக்கும் யூடியூப் யோசனையும் வேண்டாம்: முனைகள் அரித்துப்போகும், குளோரினும் ஹைட்ரஜனும் கிளம்பும், சார்ஜ் உள்ளேயே நிற்கும்.

குப்பைப் பையில் போட்டால் லாரியின் அழுத்தியில் நசுங்கும். தென்னாப்பிரிக்காவில் 2021 ஆகஸ்ட் 23 முதல் எந்த பேட்டரியையும் குப்பைமேட்டில் கொட்டக் கூடாது. போன், டார்ச் அளவிலான நல்ல நிலையில் உள்ளவற்றுக்கு பிக் என் பே போன்ற சூப்பர்மார்க்கெட்டுகளின் சேகரிப்புப் பெட்டி போதும். உப்பியதை அதில் போடக் கூடாது. மின்கழிவு மறுசுழற்சியாளருக்குப் போன் செய்து, உப்பியிருக்கிறது என்று சொல்லிவிட்டே கொண்டுபோங்கள்.

வீட்டு இன்வர்ட்டரின் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் 5 கிலோவாட்-மணி. எடை 40 கிலோவைத் தாண்டும். அதை பக்கியில் (பிக்கப் வண்டியில்) நீங்களே ஏற்றாதீர்கள். பொருத்தியவரையே அழைத்து, பிரேக்கரை அணைத்துக் கழற்றச் சொல்லுங்கள்.