காளைத் தவளை ஏன் சாவதில்லை?

கிட்ரிட் என்ற நுண்ணிய பூஞ்சையால் வரும் நோய் பல தவளை இனங்களைக் கொல்கிறது, ஆனால் அமெரிக்கக் காளைத் தவளை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஏன் என்று புரிய, முதலில் தவளையின் தோலைப் பார்க்கவேண்டும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியாகத்தான் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சில் ஒரு பங்கும் தோல் வழியேதான். ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் அளவோடு இருக்கப் பார்த்துக்கொள்வதும் தோல்தான். நமக்குத் தோலில் படர்தாமரை வந்தால் அரிப்போடு போய்விடும். தவளைக்கு அது உயிர் பிரச்சினை.

கிட்ரிட் பூஞ்சை தாக்குவது அந்தத் தோலைத்தான். ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் கூட்டம் கூட்டமாகச் செத்த தவளைகளின் தோலில் இது இருப்பது 1998-ல் தெரியவந்தது. ஒற்றை வால் கொண்ட நுண்ணிய வித்து தண்ணீரில் நீந்தி வந்து தோலில் ஒட்டுகிறது. வால் மறைந்துவிடும். தோலில் கெரட்டின் (நம் நகத்திலும் முடியிலும் உள்ள கெட்டியான புரதம்) இருக்கும் செல்களுக்குள் அது உருண்டைப் பையாகப் பருத்து, உள்ளே புதிய வித்துகளை நிரப்பி, ஒரு சிறு குழாய் வழியாக வெளியே விடுகிறது. 22 டிகிரி வெப்பத்தில் இதற்கு நாலைந்து நாள் போதும்.

நோய் முற்றிய தவளையைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். பின்னங்கால்கள் அகன்று கிடக்கும், தோல் துணுக்குத் துணுக்காக உரியும், மல்லாத்திப் போட்டால் புரண்டு எழ முடியாது. ரத்தத்தில் உப்புகள் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் இதயம் நின்றுவிடும். குறைந்தது 501 இனங்கள் இந்த நோயால் குறைந்திருக்கின்றன, அவற்றில் 90 இனங்கள் அழிந்தே போயிருக்கலாம் என்று 2019-ல் வந்த கணக்கு சொல்கிறது.

ஆனால் அமெரிக்கக் காளைத் தவளை பெரும்பாலும் சாவதில்லை. அதன் தோல் சுரப்பிகள் கிருமிகொல்லிப் புரதத் துணுக்குகளைக் கசியவிடுகின்றன. தோலில் குடியிருக்கும் சில பாக்டீரியாக்களும் பூஞ்சையைத் தடுக்கின்றன. அவ்வப்போது சட்டையை உரித்துப் போடும்போது பூஞ்சையில் ஒரு பகுதியும் சேர்ந்து போய்விடுகிறது. அதற்காக 'இதற்கு நோயே வராது' என்று எழுதிவிடுவது தப்பு. சில பரிசோதனைகளில் பூஞ்சையின் பல ரகங்களையும் தாங்கிய இதே இனம், வேறு சிலவற்றில் செத்தும் இருக்கிறது. பூஞ்சையின் ரகம், தவளையின் வயது, எந்த ஊர்த் தவளை, தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என எல்லாமே முடிவை மாற்றுகின்றன.

சரி, சாகாமல் இருப்பது நல்லதுதானே? காளைத் தவளைக்கு நல்லது, பக்கத்தில் இருக்கும் தவளைக்கு ஆபத்து. செத்த தவளை தன் காலோடு நோயை வேறு குளத்துக்குக் கொண்டுபோகாது, இது கொண்டுபோகும். அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது இதன் தலைப்பிரட்டைதான். தலைப்பிரட்டைக்குக் கெரட்டின் வாயில் மட்டுமே உண்டு. பூஞ்சை அங்கேயே தங்கியிருக்கும், அதனால் உயிர் போவதில்லை. குளிர்ப் பகுதிகளில் இது இரண்டு வருஷம் வரைகூடத் தலைப்பிரட்டையாகவே இருக்கும் என்பதால், குளத்தில் வேறு தவளை இல்லாத பனிக்காலத்திலும் பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

இதன் சொந்த இடம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. தவளைக்கால் இறைச்சிக்காக மனிதர்கள்தான் இதை 1890-களில் கலிஃபோர்னியாவுக்கும் 1935-ல் பிரேசிலுக்கும் கொண்டுபோனார்கள். ஒரு பெண் தவளை ஒரே தடவையில் 20,000 முட்டை வரை இடும். கலிஃபோர்னியாவில் 1928-ல் பிடித்து அருங்காட்சியகத்தில் வைத்த ஒரு காளைத் தவளையிலேயே இந்தப் பூஞ்சை இருந்திருக்கிறது.

பூஞ்சையைக் குளத்திலிருந்து துடைத்தெடுக்க வழி இல்லை. தவளையை எடுக்கலாம். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள பள்ளத்தாக்கில் 1950-களில் வந்து சேர்ந்த காளைத் தவளைகளை 2005 முதல் இரவு இரவாகத் தேடிப் பிடித்து அகற்றினார்கள். 2016 முதல் அங்கே கலிஃபோர்னியாவின் சொந்தச் செங்கால் தவளைகளை விட்டார்கள். 2019 வசந்தத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் புல்வெளி நீரில் அவற்றின் முட்டைக் கொத்துகள் கண்ணில் பட்டன.