அருகலை: வைஃபைக்கு ஏற்ற தமிழ்ச்சொல்தானா?

வாட்ஸ்ஆப் என்றால் புலனம், யூடியூப் என்றால் வலையொளி என்று ஒரு பட்டியல் வருடத்துக்கு நாலு தடவையாவது கைப்பேசிக்கு வந்து சேரும். அதில் ஹாட்ஸ்பாட்டுக்குப் பகிரலை, புளூடூத்துக்கு ஊடலை, வைஃபைக்கு அருகலை என்று இருக்கும். படித்துச் சிரித்துவிட்டு நகர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு பெரிய கிடங்கில் வைஃபை ஏன் அடிக்கடி அறுந்து போகிறது என்று பார்க்கப் போன பிறகுதான் அருகலை மேல் எனக்கு மரியாதை வந்தது.

முதலில் வைஃபை. இது எதன் சுருக்கமும் இல்லை. கம்பியில்லா வலையமைப்புக்கான தர வரையறை 1997இல் வந்தது. அதன் பெயர் ஐ.இ.இ.இ. 802.11. இதை வைத்துக்கொண்டு கடையில் எதை விற்பது? 1999இல் கருவி தயாரிப்பாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கி, வாயில் நுழைகிற பெயர் கேட்டு இன்டர்பிராண்ட் என்ற பெயர்சூட்டும் நிறுவனத்திடம் போனார்கள். பாட்டுக் கருவிகளுக்குப் பழக்கமாகிவிட்ட ஹை-ஃபையின் ஓசையை ஒட்டி வை-ஃபை பிறந்தது. ஹை-ஃபையில் உள்ள 'ஃபை', ஃபிடெலிட்டி. மூல ஒலிக்கு மாறாமல் இருப்பது. வைஃபையில் அப்படிப் பொருள் எதுவும் கிடையாது. ஆனால் கூட்டமைப்பே தொடக்க கால விளம்பர வாசகம் ஒன்றில் 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்று சேர்த்துவிட, அதுதான் விரிவு என்று இன்றுவரை பலர் நம்புகிறார்கள்.

அருகலை அப்படி வெறும் ஓசைப் பெயர் இல்லை. அருகு + அலை. 'அருகு' என்பதன் கடைசியில் உள்ள குற்றியலுகரம், அடுத்து உயிர் வந்ததும் மறைந்து அருகலை ஆகிறது. அருகில் மட்டும் வேலை செய்யும் அலை. புளூடூத்தும் அருகில்தானே வேலை செய்கிறது என்று கேட்டால், ஆமாம், அந்தக் குறை இந்தச் சொல்லில் இருக்கிறது. ஆனாலும் கிடங்கில் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அங்கே பார்கோடு ஸ்கேனரோடு அலையும் பையன்கள் வைஃபை போனால் 'டவர் இல்லண்ணே' என்பார்கள். கைப்பேசியிலிருந்து வந்த பழக்கம். டவர் என்றதும் மனதில் வருவது தூரம்: உயரமாக ஒன்றை நட்டு, பலத்தைக் கூட்டினால் எல்லா இடத்துக்கும் எட்டும் என்ற நினைப்பு. நிர்வாகமும் அதையே செய்யும். கூரையில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் அணுகு புள்ளியை, அதாவது வைஃபை அலையைப் பரப்பும் பெட்டியை மாட்டி, அனுப்பும் திறனை உச்சத்துக்கு ஏற்றிவிடும். அப்புறம் வரும் புகார்: 'நாலு கோடு காட்டுது, ஆனா ஒண்ணும் போக மாட்டேங்குது.'

காரணம் எளிது. அணுகு புள்ளி உரக்கக் கத்துகிறது, ஸ்கேனருக்குக் கேட்கிறது. ஸ்கேனரில் இருப்பதோ சின்ன ரேடியோ. அதன் பதில் கூரைக்குப் போய்ச் சேருவதில்லை. திறந்தவெளியிலேயே தூரம் இரு மடங்கானால் கிடைக்கும் திறன் கால்பங்காகிவிடும். கிடங்கிலோ இடையில் இரும்பு ரேக்குகள் அலையைத் திருப்பி அடிக்கின்றன. தண்ணீர் பாட்டிலும் குளிர்பானமும் அடுக்கிய வரிசைகள் அதை உறிஞ்சிவிடுகின்றன. சரக்கு வருமுன் காலிக் கட்டடத்தில் எடுத்த அளவு, சரக்கு நிறைந்ததும் செல்லாது. போதாக்குறைக்கு, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் (சேனல்கள்) 1, 6, 11 என்று மூன்றே மூன்று. உச்சத் திறனில் பத்துப் பெட்டிகள் பேசினால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல்தான். இன்னொன்று: எந்தப் பெட்டியோடு இணைவது என்று முடிவெடுப்பது ஸ்கேனர்தான். தூரத்துப் பெட்டியின் சத்தம் இன்னும் கேட்கிறவரை, தலைக்கு மேலேயே வேறொன்று இருந்தாலும் அது பழையதையே பிடித்துத் தொங்கும்.

ஆகவே தீர்வு, சொல்லில் இருக்கிறபடி அருகில் கொண்டுபோவது. ரேக் வரிசைகளுக்கு இடையே, வழித்தடத்தைப் பார்த்தபடி திசை ஆன்டெனா (ஒரே பக்கமாக அலையை அனுப்புவது) வைப்பது. திறனைக் கூட்டாமல், ஸ்கேனரின் அளவுக்கு இறக்குவது. ஸ்கேனர் தாங்கினால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது. கடைக்கோடி ரேக் நடுவிலும் அலையின் பலம் மைனஸ் 67 டிபிஎம்முக்கு (அந்தப் பலத்தை அளக்கும் அலகு) குறையாமல் கிடைக்கிறதா என்று, சரக்கு இருக்கும்போதே ஸ்கேனரைக் கையில் பிடித்து நடந்து பார்க்க வேண்டும்.

நடுவே ஒரு விஷயம். இந்தக் கட்டடத்தை நாம் குடோன் என்கிறோம். அது ஆங்கில கோடவுன். அந்த ஆங்கிலச் சொல் மலாய் குடாங்கிலிருந்து போனது. அதற்கு மூலம் தமிழ்க் கிடங்கு அல்லது அதன் தெலுங்கு உறவுச்சொல் என்பது சொல்லாய்வாளர் கருத்து. கப்பலேறிப் போன சொல் வேறு சட்டை போட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

எழுத்தில் எதைப் பயன்படுத்துவது? பயனர் கையேடு, அறிவிப்புப் பலகை, பாடநூல் ஆகியவற்றில் அருகலை என்று தயங்காமல் எழுதலாம். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் வைஃபை என்று குறித்தால் போதும். 'அருகலை அணுகு புள்ளி', 'அருகலைக் கடவுச்சொல்' என்று தொடர்களும் இயல்பாகவே அமைகின்றன. பேச்சில் வைஃபையே இருக்கட்டும். பையன்களைத் திருத்தத்தான் வேண்டுமென்றால், டவர் என்பதை மட்டும் திருத்தினால் போதும்.