எனக்கு நடக்காத சூறாவளி

அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிறா. மற்றக் கையில் லாந்தர். முழங்காலளவு தண்ணீர். பக்கத்து வளவுத் தகரம் ஒன்று பறந்து வந்து தென்னையில் அடித்து விழுகிறது. 1978 நவம்பர் 23, மட்டக்களப்பைச் சூறாவளி பிய்த்தெறிந்த இரவு. எனக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. கல்லடி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை அம்மா ஓடிய அந்த ஓட்டத்தை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குத் திருகோணமலையிலிருந்து வந்த பெரியம்மா, நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டா: "நீ எங்க மனே இஞ்ச இருந்த? அந்த மாசம் முழுக்க என்னட்டத்தானே நிண்ட. அம்மா தூக்கிட்டு ஓடினது கொண்ணன."

பக்கத்தில் இருந்த மருமகளுக்கு ஒரே சிரிப்பு. வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிறாள், கதை எழுதுவாள். தன் நினைவுகள் எல்லாம் ஆய்வுகூடத்தில் செய்யப்பட்டவை என்று கண்டுபிடிக்கும் ஒருவனைப் பற்றிய கதையை அந்தக் கிழமைதான் எனக்கு வாசிக்கத் தந்திருந்தாள். அவன் எப்படிக் கண்டுபிடிக்கிறான்? நினைவுக்குள் முகங்கள் கலங்குகின்றன, நிறம் மாறுகிறது, ஓரிடத்தில் காட்சி அறுந்துபோகிறது. அதன் ஓரத்தில் 'இப்படி நடக்காது' என்று எழுதி வைத்திருந்தேன். என் வீட்டிலேயே அத்தாட்சி கிடைக்கும் என்று அப்போது தெரியாது.

நினைவை ஒளிப்பதிவு என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. ஒரு நிகழ்வின் காட்சி, ஓசை, பயம் எல்லாம் மூளையில் வெவ்வேறு பகுதிகளில் கிடக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று கட்டி வைப்பது ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி. நினைக்கும்போது இந்தத் துண்டுகள் திரும்பக் கூட்டப்படுகின்றன. இடைவெளி இருந்தால் 'புயல் இரவு என்றால் இப்படித்தான் இருக்கும்' என்ற பொது அறிவு அதை நிரப்பிவிடுகிறது. வடமோடிக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கதை பழையதுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் களரியில் புதிதாகத்தான் ஆட வேண்டும். போன தடவை கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சேர்த்த வரி இந்தத் தடவை கொப்பியிலேயே ஏறியிருக்கும்.

கொப்பி மாறுவதை எலிகளில் காட்டியவர் கரீம் நாடர். நியூயோர்க்கில் 2000ஆம் ஆண்டில் அவரும் கூட்டாளிகளும் செய்த பரிசோதனை இது. ஓர் ஓசை கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று பழகிய எலிகளுக்கு, அந்த ஓசையைத் திரும்பக் கேட்கவைத்த கையோடு, மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தை ஏற்றினார்கள். பயம் போய்விட்டது. ஓசையைக் கேட்கவைக்காமல் மருந்தை மட்டும் ஏற்றிய எலிகளுக்குப் பயம் அப்படியே இருந்தது. வெளியே எடுக்கப்பட்ட நினைவு சற்று நேரம் ஈரக் களிமண் மாதிரி. திரும்பக் காய்வதற்குள் யார் கையும் அதில் படலாம்.

எலிசபெத் லொஃப்டஸ் அந்தக் கை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போதும் என்று 1974இலேயே காட்டியிருந்தார். கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, ஒரு பகுதியினரிடம் கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று கேட்டார். இன்னொரு பகுதியினரிடம் 'இடித்தபோது' என்று மட்டும். ஒரு கிழமை கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் பகுதியில் 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள், மற்றதில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

அப்படியானால் அண்ணனின் ஓட்டம் எனக்குள் எப்படி வந்தது? நினைவோடு சேர்த்து 'இதை எங்கே பெற்றோம்' என்ற குறிப்பும் இருக்க வேண்டும். அதுதான் முதலில் கழன்று விழுகிறது. கண்டதா, கேட்டதா என்பதை மூளை பிறகு ஊகித்துக்கொள்கிறது என்கிறார் உளவியலாளர் மார்சியா ஜோன்சன். காட்சி தெளிவாக இருந்தால் 'கண்டது' என்று தீர்ப்பு. அம்மா கதை சொல்வதில் கெட்டிக்காரி, தீர்ப்புப் பிழைத்துவிட்டது. ஒரே சம்பவத்தை இருவருமே தமக்கு நடந்தது என்று உரிமை கோரும் இரட்டையர்கள் பற்றி 2001இல் ஓர் ஆய்வே வெளியானது. இரண்டே முக்கால் வயது என்பதே என்னை உசுப்பியிருக்க வேண்டும். பெரும்பாலோரின் முதல் நினைவு மூன்று வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் தொடங்குகிறது. நானோ எனக்கு ஞாபகசக்தி கூட என்று பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஆகவே மருமகளிடம் சொன்னேன்: உன் ஆளுக்கு உள்ளேயிருந்து எந்தத் துப்பும் கிடைக்காது. பொய் நினைவுக்கு வேறு நிறமில்லை. சேதி வெளியிலிருந்துதான் வர வேண்டும், ஒரு பெரியம்மா மாதிரி. குழந்தை வளர்ச்சி பற்றி ஆராய்ந்த ஜான் பியாஜேக்கு அது ஒரு கடிதமாக வந்தது. கைக்குழந்தையாகப் பாரிஸ் வீதியில் தள்ளுவண்டியில் போனபோது ஒருவன் தன்னைக் கடத்தப் பார்த்ததும், தாதி தடுத்ததில் அவள் முகத்தில் கீறல் விழுந்ததும் அவருக்குக் கண்ணில் நின்றது. அவருக்குப் பதினைந்து வயதளவில் அந்தத் தாதி எழுதினாள்: எல்லாம் நான் கட்டிய கதை. பரிசாகப் பெற்ற கைக்கடிகாரத்தையும் திருப்பி அனுப்பினாள்.

கதைக்காரர்கள் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். உண்மை தெரிந்ததும் பொய் நினைவு அழிந்துபோவதாக எழுதிவிடுகிறார்கள். நம்பிக்கை போகும், படம் போகாது. நடக்கவில்லை என்று தெரிந்தும் கண்ணில் நிற்கும் இத்தகைய நினைவு ஏறத்தாழ ஐந்து மாணவரில் ஒருவருக்கு இருப்பதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. 1986இல் சலெஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், சேதியை எங்கே கேட்டோம் என்று அமெரிக்க மாணவர்களிடம் எழுதி வாங்கினார் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டு கழித்துத் திரும்பக் கேட்ட 44 பேரில் 11 பேர் சொன்னது முழுக்கப் பிழை. அவரவர் கையெழுத்தைக் காட்டியும் பழைய நினைவு ஒருவருக்கும் திரும்பவில்லை.

"சரி மாமா," என்றாள் மருமகள், "தகரத்தையே பறக்கவைக்கிற காத்துல லாந்தர் எரியுமா?"

நாற்பது வருடத்துக்கு மேல் அந்த லாந்தர் அணையாமல் எரிந்திருக்கிறது. ஒரு நாளும் எனக்கு இது தோன்றவில்லை. பெரியம்மாவுக்கும் லாந்தர் பற்றி ஒன்றும் தெரியாது. அது நான் சேர்த்த வரியாகத்தான் இருக்க வேண்டும். அன்றிரவே அண்ணனுக்குக் கோல் எடுத்தேன். என் கதையை வருடக்கணக்கில் கேட்டவர் அவர். மெதுவாக, "அம்மாட கையில என்ன இருந்த?" என்று மட்டும் கேட்டேன்.

"லாந்தர்தான்டா," என்றார் அண்ணன். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."