தொட்டியில வச்ச "பேரு சொல்லாத" செடிக்கு மருந்து கேக்குறவங்களுக்கு

கும்பகோணம் பக்கம் பயிருக்கு மருந்து சிபாரிசு பண்றதுதான் என் வேலை, அக்ரி படிச்சவன். ஐப்பசி பொறந்துட்டா போன் ஓயாது. சம்பால குலைநோய், இலை உறை அழுகல், கதிர் வர்ற நேரத்துல மழை புடிச்சு நெல் பழம், இதெல்லாம் வருசா வருசம் வர்றதுதான். இப்ப கொஞ்ச நாளா வாட்சப்ல வேற மாதிரி போட்டோ வருது. "சார் மாடில ஒரு பூச்செடி, பூவுல சாம்பலா புடிக்குது, என்ன அடிக்கலாம்"னு. செடி பேரு கேட்டா பதில் வராது. ஜூம் பண்ணிப் பாத்தா ஒரு காம்புல ஏழு விரல் இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல்லு. கஞ்சா செடி.

இதுக்கு என்கிட்ட மருந்து கிடையாது, ஏன் கிடையாதுன்னு மட்டும் சொல்றேன்.

கஞ்சாவுல இன்டிகா, சாட்டிவான்னு ரெண்டு வகை சொல்லுவாங்க. ஆன்லைன்ல "இன்டிகா டாமினன்ட்"னு, அதாவது இன்டிகா தூக்கலா உள்ள ரகம்னு, பேரு போட்டு விதை விக்கிறான், பேர்லயே இந்தியா இருக்கே நம்ம ஊருக்கு ஒத்துக்கும்னு பசங்க நம்புறாங்க. 1785-ல லமார்க்குங்கற பிரெஞ்சு தாவர ஆய்வாளர் இந்தியாவிலேர்ந்து போன செடி மாதிரிய வச்சு அந்தப் பேரு வச்சாருங்கறது நெசம்தான், ஆனா இன்னிக்கு சந்தையில இன்டிகான்னு சுத்துற குட்டை ரகங்களோட பூர்வீகம் ஆப்கானிஸ்தான், இந்துகுஷ் மலைப்பக்கம்னு சொல்லுவாங்க, அது வறண்ட காத்து அடிக்கிற பூமி. பூ கெட்டியா நெருக்கமா அடையும். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் நம்ம டெல்டால என்ன நடக்கும்னு சொல்லணுமா, ஒரு காத்தழுத்தம் வந்து நாலு நாள் விடாம ஊத்தும், நடுவுல ஒரு நாள் சுள்ளுனு வெயில், அப்புறம் திரும்ப மூடாக்கு, அது முடிஞ்சா மார்கழிப் பனி. அந்தப் பூவுக்குள்ள போன ஈரம் வெளிய வராது. மேல பாத்தா பச்சையா இருக்கும், விரலால பிளந்தா உள்ள பழுப்பா, பஞ்சு மாதிரி நூல் நூலா பூஞ்சை.

சரி ஏதாவது பூஞ்சாண மருந்து வாங்கி அடிச்சுக்கலாம்னு நினைக்கிறவங்க இதை நிதானமா படிங்க. மருந்து டப்பா லேபிள்ல எந்தப் பயிருக்கு, எவ்வளவு, அடிச்சு எத்தனை நாள் கழிச்சு அறுக்கணும்னு போட்டிருக்கும், அந்தக் கணக்கெல்லாம் சாப்பிடுற பொருளுக்குப் போட்டது, கொளுத்தி நெஞ்சுக்குள்ள இழுக்குறதுக்கு யாரும் கணக்கு போடல. மிளகாய்க்கும் திராட்சைக்கும் சாம்பல் நோய்க்கு அடிக்கிற மைக்ளோபுட்டானில் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு வரும். கனடாவுல அரசாங்க லைசன்ஸோட மருத்துவ கஞ்சா வளத்த கம்பெனிகளோட சரக்குலயே இந்த மருந்து இருந்துச்சுன்னு 2016-17 வாக்குல திரும்ப வாங்கினாங்க. லேப் வச்சு டெஸ்ட் பண்ற எடத்துலயே இந்தக் கதைன்னா மொட்டை மாடியில என்ன நடக்கும்.

மருந்தே அடிக்கலன்னாலும் பூஞ்சை இருக்கு. நெல்லுக்கே 17 சதவீதத்துக்கு மேல ஈரம்னா கொள்முதல் நிலையத்துல திருப்பி விடுறான், தளர்வு குடுங்கன்னு வருசா வருசம் கெஞ்சுறோம். ஈரம் போகாத எந்த சரக்குலயும் அஸ்பர்ஜில்லஸ்ங்கற பூஞ்சை ஏறும், அதோட விதை மாதிரியான தூள் புகையோட சூட்டுல முழுசா சாகாது, நேரா நுரையீரலுக்குப் போகும். நல்லா இருக்குறவங்களுக்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆகாம போகலாம். சுகர் கட்டுக்குள்ள இல்லாதவங்க, ஸ்டீராய்டு எடுக்குறவங்க, கீமோ போயிட்டு இருக்கவங்க, இவங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. பழைய டிபி ஆறி நுரையீரல்ல குழி விழுந்திருந்தா அந்தக் குழிக்குள்ளயே பூஞ்சை உருண்டையா வளந்து இருமும்போது ரத்தம் வரும். "வலிக்கும் தூக்கத்துக்கும் இன்டிகா நல்லது"ன்னு பெரியவங்களுக்கும் வாங்கிக் குடுக்குற கூத்து நடக்குது, அதனாலதான் சொல்றேன். இன்டிகா, சாட்டிவாங்கற லேபிள வச்சு உள்ள என்ன கெமிக்கல் எவ்வளவு இருக்குன்னே சொல்ல முடியாது, அது முக்காவாசி வியாபாரப் பேரு.

இப்ப சட்டம். நான் வக்கீல் இல்ல, ஆனா விவசாயிங்களுக்கு இது தெரியணும். 1985 என்டிபிஎஸ் சட்டத்துல, அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல, கஞ்சான்னா பூ, காய் இருக்குற நுனி, தனியா இருக்குற விதையும் இலையும் அதுல வராது. அதப் புடிச்சுக்கிட்டு "விதை வாங்குனா தப்பில்ல"ங்குறாங்க, ஆனா உரிமம் இல்லாம செடிய வளத்தாலே குத்தம், எந்த ரகமா இருந்தாலும். கையில வச்சிருந்து புடிபட்டா ஒரு கிலோ வரைக்கும் சின்ன அளவுன்னு தண்டனை கொறையும், வளத்ததுக்கு அந்தப் படிக்கட்டே இல்ல, 20(ஏ) பிரிவுல பத்து வருசம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். ஒரு தொட்டி, ரெண்டு தொட்டிங்கற கணக்கும் அந்தப் பிரிவுல கிடையாது.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு திருச்சியிலயோ சென்னையிலயோ இருக்கவங்க 46-ம் பிரிவையும் பாத்துக்கங்க. உங்க நிலத்துல இந்தச் செடி வளருதுன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்தா உங்க மேலயும் கேஸ். கொள்ளிடக்கரை படுகை, வாழைக்கு நடுவுல, ஆளு போகாத தென்னந்தோப்பு மூலை, இங்கெல்லாம் அப்பப்ப போய் பாருங்க. கண்ணுல பட்டா நீங்களே பிடுங்கி எரிக்க வேணாம், உடனே ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து ரசீது வாங்கி வச்சுக்கங்க, விஏஓ காதுலயும் போட்டு வைங்க. 1933-க்கும் போன் பண்ணலாம், அது மத்திய அரசோட போதைப்பொருள் புகார் நம்பர்.

வீட்டுப் பையன் தொட்டியில செடி வச்சிருக்கான்னா அவன் பழக்கம் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு முதல்ல கேளுங்க, அடிக்காம கேளுங்க. 14446 போதை மீட்பு உதவி நம்பர், காசு கெடையாது. எனக்கு மட்டும் போட்டோ அனுப்பாதீங்க.