‘செர்ப்பன்டைன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

‘செர்ப்பன்டைன் டான்ஸ்’ என்பதைப் ‘பாம்பு நடனம்’ என்று எழுதிவிட்டால், வாசிப்பவர் காதில் மகுடிதான் ஒலிக்கும். 1892 நவம்பரில் பாரிஸின் ஃபோலி பெர்ஷேர் அரங்கில் லோயி ஃபுல்லர் என்ற நடனக்காரர் இதை ஆடியபோது மகுடியும் இல்லை, படமெடுத்த கையும் இல்லை. இருந்ததெல்லாம் துணி. கெஜக்கணக்கில் மெல்லிய வெள்ளைப் பட்டு.

சொல்லின் வேர் பாம்புதான், சந்தேகமில்லை. லத்தீனில் ‘செர்பெரே’ என்றால் ஊர்தல், ஊர்வது ‘செர்பென்ஸ்’. வடமொழிச் ‘சர்ப்பம்’ அதே வேரின் இன்னொரு கிளை. ஆக, சர்ப்ப தோஷத்துக்குப் பரிகாரம் தேடுகிறவரும் செர்ப்பன்டைன் என்று எழுதும் கலை விமர்சகரும் ஏதோ ஒரு வகையில் சொந்தக்காரர்கள். ஆனால் ஐரோப்பியக் கலைஞர்களிடம் போன பிறகு அந்தச் சொல் பாம்பை உதறிவிட்டு, அதன் ஊர்வை மட்டும் வைத்துக்கொண்டது. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1753இல் அழகைப் பற்றி எழுதிய நூலில் ‘செர்ப்பன்டைன்’ என்றது, வளைந்து வளைந்து போகும் ஒரு கோட்டைத்தான்.

ஃபுல்லர் அந்தக் கோட்டை மேடையில் ஓடவிட்டார். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1862இல் பிறந்த நாடக நடிகை அவர். அகன்ற உடைக்குள் நீண்ட கோல்களை வைத்துத் தைத்து, அவற்றைப் பிடித்துச் சுழற்றினார். கை எட்டாத உயரத்துக்குத் துணி எழும். அதன்மேல் வண்ண மின்விளக்குகள் மாறி மாறி விழும். ஆள் மறைந்துபோவாள், அலை மட்டும் தெரியும். அந்த உடைக்கு 1894இல் காப்புரிமை கிடைத்தது. நடனத்துக்குப் பதிப்புரிமை கிடைக்கவில்லை. அதில் கதை இல்லை, ஆகவே அது நாடகப் படைப்பு ஆகாது என்று நியூயார்க் நீதிமன்றம் 1892இலேயே கைவிரித்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் பிடித்ததே அந்தக் கதையின்மைதான். கதை இருந்தால் பாத்திரத்தை அல்லவா வரைய வேண்டும்? பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக் 1893இல் ஃபுல்லரைக் கல்லச்சுப் படமாக (கல்லில் வரைந்து தாளில் அச்சிடுவது) வரைந்தார்: மேலே சிறு தலை, கீழே இரண்டு கால், நடுவில் முழுக்க மேகம். சுமார் 60 படிகள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வண்ணம் கொடுத்தார்.

எனக்குப் பிடித்தது சிற்பி ராவுல் லார்ஷ் செய்த மேசை விளக்கு. பொன்முலாம் பூசிய வெண்கலம், ஒன்றரை அடி உயரம். ஃபுல்லரின் உருவில் ஒரு பெண் நிற்கிறாள். தலைக்குமேல் துணி சுடர்போல் சுழன்று எழுகிறது. பல்பு அந்தத் துணி மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டால் துணியே ஒளிர்கிற மாதிரி இருக்கும். மேடையில் வெளியிலிருந்து வந்த வெளிச்சம் இங்கே உள்ளிருந்து வருகிறது. ‘ஆர்ட் நூவோ’ எனப்படும் அலங்காரப் பாணிக்கு எடுத்துக்காட்டாக இந்த விளக்கைத்தான் பலரும் காட்டுவார்கள். 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஃபுல்லருக்கென்றே ஒரு அரங்கம் எழுந்தது. அதன் முகப்பே ஒரு திரைச்சீலை அலைவதுபோல அமைந்திருந்தது; உச்சியில் பியேர் ரோஷ் வடித்த ஃபுல்லரின் சிலை.

சரி, தமிழுக்கு வருவோம். ‘நாக நடனம்’ என்றால் சினிமா. ‘அரவ நடனம்’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அரவம் என்றால் ஓசையும்கூட. பாம்பை விட்டுவிட்டு அதன் அசைவைப் பிடித்துக்கொள்வதே சரி: நெளிநடனம். ஹோகார்த்தின் கோடு நெளிகோடு. நகைக்கடையில் நெளி மோதிரம் கேட்கிறோம். பாம்பு மோதிரம் என்று கடைக்காரர் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அலை அலையாக வளைந்த கம்பியைத்தான் எடுத்து வைக்கிறார். ஐரோப்பியக் கலைஞர்கள் அந்த லத்தீன் சொல்லுக்குச் செய்ததை நம் தட்டார்கள் ‘நெளி’க்கு எப்போதோ செய்துவிட்டார்கள்.

செர்ப்பன்டைன் என்றே ஒரு பச்சைக் கல்லும் உண்டு. அதற்கு இந்த நெளி ஒத்துவராது. பாம்புத் தோல் போன்ற நிறத்தால் வந்த பெயர் அது. அங்கே பாம்பு இருந்துவிட்டுப் போகட்டும்.