ரிப்பன் வந்தது, மெடல் வரவில்லை: இறந்த ராணுவ வீரரின் பதக்கங்களைக் குடும்பத்தார் கேட்டு வாங்குவது எப்படி

சட்டையில் ரிப்பன் குத்திய பழைய போட்டோ வீட்டில் மாட்டியிருக்கும். அதைப் பார்த்து, மெடலும் எப்போதோ வந்திருக்கும், யாரோ தொலைத்துவிட்டார்கள் என்று குடும்பமே முடிவு கட்டிவிடுகிறது. பெரும்பாலும் அது உண்மையல்ல. தகுதி உண்டு என்று ஆணை வந்தவுடன் ரிப்பனைக் குத்திக்கொள்ளலாம். உலோகப் பதக்கமோ அரசு நாணயச் சாலையில் அடிக்கப்பட்டு, விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர் பொறிக்கப்பட்டு, வீரரின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ் வழியாக வர வேண்டும். இதில் பல வருடத் தாமதம் நடந்திருக்கிறது. 1965, 1971 போர்களில் நின்ற எத்தனையோ பேர் வெறும் ரிப்பனோடு ஓய்வு பெற்று, அப்படியே இறந்தும் போனார்கள். அவர்களுக்குச் சேர வேண்டியதை வாரிசுகள் கேட்டு வாங்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கேட்காமல் யாரும் வீடு தேடி வந்து கொடுக்கப் போவதில்லை.

எந்தெந்த மெடல் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1965 போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்கு ரக்ஷா மெடல், போர்முனையில் நின்றவர்களுக்கு சமர் சேவா ஸ்டார். 1971-இல் கிழக்கே, அதாவது வங்கதேசப் பக்கம் போனவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கே பஸ்சிமி ஸ்டார், பொதுவாக சங்க்ராம் மெடல். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கை போனவர்களுக்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், 'ஸ்ரீலங்கா' என்ற கிளாஸ்ப்புடன் (ரிப்பன்மேல் மாட்டும் பெயர் பொறித்த உலோகப் பட்டை). இவை தவிர சைனிய சேவா மெடல், 9 வருடம், 20 வருடம் சர்வீஸுக்கான நீண்ட சேவை மெடல்கள், சுதந்திரத்தின் 25-ஆம், 50-ஆம் ஆண்டு நினைவு மெடல்கள். போரில் காயம்பட்டவருக்குத் தனி மெடல் உண்டு.

இவற்றில் எதற்கும் பணம் கிடையாது. மாதப் படி வருவது சேனா மெடல் (வீரத்துக்கானது), வீர் சக்ரா, சௌர்ய சக்ரா போன்ற வீர விருதுகளுக்கு மட்டும். வீட்டுப் பெரியவருக்கு அப்படி ஒரு விருது இருந்து, அவர் மனைவி உயிரோடு இருந்தால், அந்தப் படி அவருக்கு வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். அது மெடலைவிட அவசரம். மற்றபடி, "மெடல் வாங்கினால் லட்சக்கணக்கில் வரும், ஆரம்பச் செலவுக்குப் பத்தாயிரம் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முதல் வேலை: சர்வீஸ் நம்பர்

பெயரை வைத்துத் தேடச் சொன்னால் எந்த ரெக்கார்டு ஆபீசும் தேடாது. ஒரே ரெஜிமெண்டில் எத்தனை முருகன், எத்தனை அந்தோணி! நம்பர் வேண்டும். பணியிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும். பென்ஷன் வாங்கியவர் என்றால் பென்ஷன் வழங்கும் ஆணையான பி.பி.ஓ.வில் இருக்கும். இரண்டும் கரையானுக்குப் போயிருந்தால் அவர் கொண்டுவந்த ட்ரங்க் பெட்டியின் மூடியைத் துடைத்துப் பாருங்கள். வெள்ளை பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எழுதுவது வழக்கம். துரு ஏறியிருந்தாலும் சாய்வாக வெளிச்சம் அடித்தால் எழுத்து தெரியும். ஏதாவது ஒரு மெடல் வீட்டில் இருந்தால் அதன் விளிம்பிலேயே நம்பர் இருக்கும். பழைய மணியார்டர் துண்டு, அவர் எழுதிய கடிதத்தின் 'அனுப்புநர்' பகுதி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவர் பதிந்த பதிவேடு, இவையும் உதவும்.

இங்கே ஒரு பொறி. சிப்பாயாகச் சேர்ந்து நாயப் சுபேதார் ஆனவருக்கு நம்பர் மாறியிருக்கும், 'ஜே.சி.' என்று தொடங்கும் புது நம்பர் வந்திருக்கும். 1971 மெடல் பழைய நம்பரில் போட்டிருப்பார்கள். புது நம்பரை மட்டும் எழுதிக் கேட்டால் "எங்கள் பட்டியலில் இல்லை" என்று பதில் வரும். இரண்டு நம்பரையும் எழுதுங்கள்.

எந்த ரெக்கார்டு ஆபீஸ்?

மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. சிக்னல்ஸ் ஜபல்பூர், ஆர்ட்டிலரி நாசிக், இ.எம்.இ. செகந்திராபாத், மெடிக்கல் கோர் லக்னோ. விமானப்படைக்கு டெல்லி, கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்டு. ரெஜிமெண்டிலிருந்து ரிட்டயர் ஆகி டி.எஸ்.சி.யில் (பாதுகாப்புத் துறை இடங்களைக் காவல் காக்கும் படை) மறுபடி சேர்ந்தவர்கள் நம்மூரில் நிறைய. அவர்களின் கடைசிக் காகிதமெல்லாம் கண்ணூரைக் காட்டும். ஆனால் முதல் சர்வீஸில் வாங்க வேண்டிய மெடலுக்குப் பழைய ரெஜிமெண்டைத்தான் கேட்க வேண்டும். கண்ணூருக்கு எழுதிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. "எங்களுடையது இல்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பக்கூட அங்கே எல்லா நேரமும் ஆள் முனைவதில்லை.

ஸ்பர்ஷ் போர்ட்டலில் புகார் போடாதீர்கள். அது பென்ஷனுக்கு மட்டும். மெடல் என்று எழுதினால் 'எங்கள் வரம்பில் இல்லை' என்று மூடிவிட்டு, தீர்க்கப்பட்டது என்று கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

யார் கேட்பது?

மனைவி உயிரோடு இருந்தால் அவர் பெயரில், அவர் கையெழுத்திலோ கைரேகையிலோதான் விண்ணப்பம் போக வேண்டும். பேரன் ஆர்வத்தில் தன் பெயரில் எழுதுகிறான். அங்கே முதல் கேள்வி "மனைவி இருக்கிறாரா?" என்றுதான் வரும், ஆறு மாதம் வீண். அம்மா பெயரில் எழுதி, தொடர்புக்கு உங்கள் செல்போன் நம்பரைக் கொடுங்கள். கைரேகை என்றால் இடது கைப் பெருவிரல் வைத்து, சாட்சிகள் இருவர் பெயர், முகவரியோடு கையெழுத்துப் போட வேண்டும்.

மனைவியும் இல்லை என்றால் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதில் உள்ள மற்ற எல்லா வாரிசுகளும், "இன்னாருக்கு மெடல் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை" என்று நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட தடையில்லாச் சான்று வேண்டும். ஒரு தங்கை விட்டுப்போனாலும் கோப்பு நின்றுவிடும். கல்யாணமாகிப் போன பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்புவது நம் பக்கம் அடிக்கடி நடக்கிற தவறு. வாரிசுச் சான்றிதழில் பெயர் இருக்கிறதே, அங்கே எண்ணிப் பார்ப்பார்கள்.

பெரிய பொறி: பெயரும் ஊரும்

அதிக விண்ணப்பங்கள் மாட்டுவது இங்கேதான். சேர்க்கையின்போது ஹிந்திக்காரர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்ட பெயர் ஒன்று, ஆதாரில் வேறு, இறப்புச் சான்றிதழில் இன்னொன்று. நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். கே. ஆறுமுகம் அங்கே 'ஆறுமுகம் கந்தசாமி' ஆகியிருப்பார். 1960-களில் சேர்ந்தவருக்கு மாவட்டம் 'வட ஆற்காடு' என்று இருக்கும், இறப்புச் சான்றிதழில் 'திருவண்ணாமலை' என்று இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வட ஆற்காடு பிரிந்த கதை தெரியாது. அது அவர் தவறில்லை, ஆனால் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கோப்பைத் திருப்பி அனுப்புவது தவறுதான்.

அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றன, பழைய மாவட்டமும் இன்றைய மாவட்டமும் ஒரே கிராமத்தைக் குறிக்கின்றன என்று முதல் தபாலிலேயே நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் வைத்துவிடுங்கள். சர்வீஸ் பதிவில் உள்ள எழுத்துக்கூட்டலை எழுத்து மாறாமல் போடுங்கள், தப்பாக இருந்தாலும். மனைவி பெயருக்கும் இதே கதைதான். குடும்ப பென்ஷன் வாங்குகிறவர் என்றால் பி.பி.ஓ. நகல் ஒன்றே அந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

கடிதம்

ரெக்கார்டு ஆபீசுக்குத் தமிழில் எழுதினால் ஓரமாகக் கிடக்கும். ஒரு பக்கத்துக்கு மிகாமல் ஆங்கிலத்தில், 'சீனியர் ரெக்கார்டு ஆபீசர்' என்று பதவியைக் குறித்து எழுதுங்கள். நம்பர், ரேங்க், பெயர், யூனிட், சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, இறந்த தேதி. பிறகு எந்தெந்த மெடல் வரவில்லை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். "அவருடைய மெடல்களை அனுப்பவும்" என்று பொதுவாக எழுதினால், "எல்லாம் வழங்கப்பட்டுவிட்டது" என்று பொதுவாகவே பதில் வரும்.

இணைப்புகள்: டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கமும், வெற்றுப் பக்கம் உட்பட, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தமிழில் மட்டும் இருந்தால் நோட்டரி கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்போடு, தடையில்லாச் சான்று, ஆதார், உறுதிமொழிப் பத்திரம். எல்லாம் நகல்தான். டிஸ்சார்ஜ் புக்கின் ஒரிஜினலை யார் கேட்டாலும், எந்த அலுவலகம் கேட்டாலும் கையை விட்டு விடாதீர்கள். தொலைந்தால் பெரும் சிக்கல்.

இந்தக் கட்டை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புவது நல்லது. உதவி இயக்குநரின் முகப்புக் கடிதத்தோடு போனால் பதில் வர வாய்ப்பு அதிகம். "இது எங்கள் வேலையில்லை" என்று அங்கே சொன்னால், மெடலைக் கொடுக்கச் சொல்லவில்லை, பரிந்துரைத்து அனுப்பத்தான் கேட்கிறோம் என்று நிதானமாகச் சொல்லுங்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒரு நகலை நீங்களும் நேராக ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.

வருகிற பதில்களும் அவற்றுக்கு மறுபதிலும்

"தகுதி இல்லை." இது பல நேரம் முழு உண்மையாக இருக்காது. ஒருவர் போர்முனையில் இருந்தார் என்பதை யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற தினசரி ஆணையில் வெளியிட்டிருக்க வேண்டும். கிளார்க் வெளியிடாமல் விட்டிருந்தால் பதிவில் இருக்காது. பதிவில் இல்லை என்பதை 'தகுதி இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைக் குறிப்பிட்டு, "உங்கள் அலுவலகமே கையெழுத்திட்ட பதிவு இது" என்று மறுபடி எழுதுங்கள்.

"வழங்கப்பட்டுவிட்டது." எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில், யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்று கேளுங்கள். தகுதி உண்டு என்று எழுதிவைப்பது வேறு, கையில் கொடுத்தது வேறு. இரண்டையும் குழப்புவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய அநியாயம்.

"ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன." பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழிக்க ராணுவ விதி இடம் கொடுக்கிறது. ஆனால் 'லாங் ரோல்' என்ற நிரந்தரப் பதிவேட்டை அழிக்க முடியாது. அதன் நகலைக் கேளுங்கள். உங்கள் டிஸ்சார்ஜ் புக் நகலையும் சேர்த்து அதன் அடிப்படையில் முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

"ஸ்டாக் இல்லை, வந்ததும் அனுப்புகிறோம்." இது மறுப்பில்லை, பாதி வெற்றி. தகுதி உண்டு என்று ஒப்புக்கொண்ட கடிதம் அது. பத்திரப்படுத்துங்கள். டெல்லி பதக்கப் பிரிவுக்கு எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் கோரிக்கை போனது என்று கேட்டு வாங்கி, அந்த எண்ணைப் போட்டு அவ்வப்போது நினைவூட்டுங்கள்.

பதிலே இல்லை என்றால் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட) மனு. பத்து ரூபாய், முப்பது நாள். கேள்வி மூன்று போதும்: பதிவுப்படி இவருக்குத் தகுதியுள்ள மெடல்கள், கிளாஸ்ப்கள் எவை, ஒவ்வொன்றும் எப்போது, யாரிடம் வழங்கப்பட்டது, வழங்காதவற்றுக்குப் பதக்கப் பிரிவுக்கு எந்தத் தேதியில் எழுதப்பட்டது. 'ஏன் தரவில்லை' என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் அது தகவல் இல்லை என்று தட்டிவிடுவார்கள். மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடமிருக்கிறது. அதனால் இறப்பு, வாரிசுச் சான்றிதழ்களை முதலிலேயே இணையுங்கள். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.

'டூப்ளிகேட்' என்ற சொல்லை எழுதாதீர்கள்

உதவி செய்கிறேன் என்று வருகிறவர்கள் பலர் 'டூப்ளிகேட் மெடல் கோரி' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். டூப்ளிகேட் என்பது, வாங்கித் தொலைத்தவருக்கானது. அதற்கு போலீசில் தொலைந்த புகார், உறுதிமொழி, விலை என்று வேறு பாதை. நீங்கள் வாங்கவே இல்லை. டூப்ளிகேட் என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஏற்கெனவே வாங்கியதை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். 'இதுவரை வழங்கப்படாத ஒரிஜினல் மெடல்' என்றே எழுதுங்கள்.

கன்டோன்மென்ட் கடைகளில் கிடைக்கும் மெடல்கள் நகல்கள். அணிவகுப்பில் குத்திக்கொள்ளப் பலர் வாங்குவார்கள், அதில் தவறில்லை. ஏஜெண்டுகள் அதையே "ஹெட்குவார்ட்டர்ஸில் பேசி வாங்கினேன்" என்று ஆயிரக்கணக்கில் விற்பதுதான் கொடுமை. விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், வெறுமையாக இருந்தால் அது பெரும்பாலும் கடைச் சரக்கு.

ஒரிஜினல் பார்சல் வந்தால், ரசீதில் கையெழுத்துப் போடும் முன் விளிம்பில் நம்பரும் பெயரும் சரியா என்று டிஸ்சார்ஜ் புக்கோடு ஒத்துப் பாருங்கள். கிளாஸ்ப் உள்ள மெடல் என்றால் கிளாஸ்ப்பும் இருக்கிறதா பாருங்கள், அது தனியாக விட்டுப்போவதுண்டு. கேட்டவற்றில் சில மட்டும் வந்திருந்தால் ரசீதில் வந்தவற்றின் பெயரை மட்டும் எழுதி, 'மீதி பெறப்படவில்லை' என்று சேர்த்துக் கையெழுத்திடுங்கள். அந்த ரசீதைப் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு திருப்பி அனுப்புங்கள்.