ஒரே ஒரு குகைதான் மிச்சம்

"தம்பி, இந்த வௌவாலை விரட்ட ஏதாவது வழி சொல்லுங்க." கோயில் திருப்பணி தொடங்கும் ஊர்களிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். வௌவால் கணக்கெடுப்புதான் என் வேலை. அவர்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. வீச்சம் அடிக்கும், கல்லில் கறை படியும். ஆனால் கோபுர மாடங்களில் தொங்குபவை பெரும்பாலும் மாந்தோப்புக்குப் போகும் பழந்தின்னிகள் அல்ல. பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள். துரிஞ்சில் என்று பழைய சொல் ஒன்று உண்டு. கொசு, அந்துப்பூச்சி, வண்டு என்று இரவெல்லாம் வயலுக்கு மேல் வேட்டையாடிவிட்டு விடியுமுன் வந்து தொங்கும்.

விரட்ட வழி கேட்பவர்களுக்கு நான் கோலார் கதையைச் சொல்வேன்.

கோலார் என்றதும் நமக்குத் தங்கவயல்தான் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தில் அனுமனஹள்ளி என்ற ஊருக்குப் பக்கத்தில் கருங்கல் குன்றில் ஒரு குகை இருக்கிறது. கோலார் இலைமூக்கு வௌவால் உலகத்திலேயே இப்போது அங்கு மட்டும்தான் வாழ்கிறது என்று அறிகிறோம். மொத்தம் இருநூறுகூட இராது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உயிர். மூக்கைச் சுற்றி இலைபோல் மடிந்த சதை இருக்கும். மூக்கு வழியாக ஒலி எழுப்பி, அது மோதித் திரும்புவதைக் கேட்டுத்தான் இருட்டில் பூச்சியைப் பிடிக்கும். இதைத் தனி இனமாக விவரித்து அறிவியல் பெயர் வைத்ததே 1994இல்தான். முன்பு இரண்டு குகைகளில் இருந்தது. இப்போது ஒன்று. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிக அதிக ஆபத்தில் உள்ள இனம் என்ற நிலையில் இருக்கிறது.

இதை யாரும் வேட்டையாடி அழிக்கவில்லை. அது தொங்கும் பாறையைத்தான் எடுத்தோம். அங்கே கருங்கல்லுக்கு நல்ல விலை. குவாரியில் வெடி வைத்தால் அதிர்வு குகைக்குள்ளும் போகும். வேறு குகைக்குப் போய்விடாதா என்று கேட்பார்கள். எல்லாக் குகையும் வீடாகாது. இருட்டு, ஈரப்பதம், மாறாத வெப்பம் மூன்றும் ஒருசேர அமைய வேண்டும். பூச்சியுண்ணும் வௌவால்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரே குட்டிதான் போடும். எலியைப்போல் பெருகி இழப்பை ஈடுகட்ட அவற்றால் முடியாது.

சட்டமும் வெகுகாலம் துணைக்கு வரவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகுந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இடம்பெற்ற வௌவால் இனங்கள் நெடுங்காலம் இரண்டே இரண்டு. பழந்தின்னிகளை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலை நீக்கியது 2022 திருத்தம். அதுவரை மற்ற பூச்சியுண்ணிகளைப் பற்றிச் சட்டத்தில் பேச்சே இருந்ததில்லை. ஆய்வாளர்களும் வௌவால் பாதுகாப்பு அமைப்புகளும் விடாமல் வற்புறுத்தியதால்தான் குகையைச் சுற்றி 30 ஏக்கரைக் கர்நாடக அரசு பாதுகாக்க முன்வந்தது. நல்ல செய்திதான். ஆனால் வௌவால் இரை தேடுவது குகைக்கு வெளியே. சுற்றியுள்ள புதரும் வயலும் பூச்சிமருந்தில் ஊறிக் கிடந்தால் குகை மட்டும் என்ன செய்யும் என்பது என் கவலை.

அந்தக் குகைக்குள் நான் போனதில்லை. போகவும் மாட்டேன். அதற்குக் காரணம் உண்டு. வேலைக்கு வந்த புதிதில், ஒரு கோபுரத்தின் மூன்றாம் நிலையில் பெரிய டார்ச்சோடு ஏறினேன். குட்டி போட்டிருந்த சமயம் என்று எனக்குத் தெரியவில்லை. வெளிச்சம் பட்டதும் தாய்கள் கலைந்து பறந்தன. பிடி விட்டுத் தரையில் விழுந்த குட்டிகளில் ஒன்றைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து வாசலில் உட்கார்ந்து, பொழுது சாயும்போது வெளியே வருவதை எண்ணுவதோடு சரி.

திருப்பணிக்காரர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. பகலில் மாடத்தை அடைக்காதீர்கள், உள்ளே இருப்பவை அப்படியே செத்துப்போகும். புகை போடாதீர்கள். குட்டிகள் பறக்கத் தொடங்கும்வரை அந்த இடத்தில் சாரம் கட்டும் வேலையைத் தள்ளிவையுங்கள். சாமி இருக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, ஆள் போகாத ஒரு மாடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொட வேண்டாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

போன மாதம் பேசிய ஒரு பெரியவர் கடைசியில், "சரி தம்பி, தெற்குப் பக்க மாடத்தை நாங்க தொடல" என்றார். திருப்பணி முடிந்ததும் அங்கே போய் ஒரு மாலை எண்ணிப் பார்க்க வேண்டும்.